நூலெடுத்த நாள்

நுழையும்முன்

வேற்று நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றில் குழந்தையின் ஆண்டு நிறைவு எவ்வாறு நடைபெறும்? தென்கொரியாவின் சுவோன் நகரில் தம் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குச் சென்றுவந்த தமிழாசிரியர் ஒருவர் எழுதிய தன்னனுபவக் கட்டுரை இது.

பிள்ளைத்தமிழைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்களை விரல்விட்டு எண்ணி வகுப்பில் சொல்லும்போது, வருகைப் பருவத்துக்கு வந்ததும் சற்றே நிறுத்துவேன். தளர்நடை பயிலும் குழந்தையை இரு கைகளையும் நீட்டி 'வருக, வருக' என்று அழைக்கும் பருவம் அது. ஏறத்தாழப் பதின்மூன்றாம் திங்களுக்கு உரியது. அப்படி அழைத்தால் எந்தக் குழந்தைதான் வராது என்று மாணவர்களிடம் கேட்பேன்.

2023ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் மாலை, சுவோன் நகரத்து அடுக்ககம் ஒன்றின் ஏழாம் தளத்தில், என் மகள்வழிப் பேத்தியை நோக்கி இரு கைகளையும் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது, வீறிட்டு அழுதாள். அழுதபடியே திரும்பி, கதவருகே நின்றிருந்த ஒரு கொரிய மூதாட்டியின் கால்களைக் கட்டிக்கொண்டாள். அவர் எதிர்வீட்டுக்காரர். அவளைத் தூக்கி முதுகில் இருத்தித் துணியால் கட்டிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி அங்குமிங்கும் நடந்தார். நொடியில் அழுகை நின்றது. நான் நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டேன்.

கைப்பேசித் திரையில் ஓராண்டாக என்னைப் பார்த்துச் சிரித்த குழந்தைதான் அவள். திரையில் இருந்தவளும் நேரில் வந்து நிற்பவளும் ஒருவரே என்று அவளுக்கு யார் சொல்வது?

பேறுகாலத்துக்கே நான் சென்றிருக்க வேண்டும். பெருந்தொற்றின் காரணமாக, 2022ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளிப்போய் மே 5 முதல் 28 வரை நடைபெற்றது. நான் ஒரு தேர்வு மையத்தில் துறை அலுவலர். குழந்தை பிறந்த அன்று, தேர்வு முடிந்து உறைகளுக்கு முத்திரையிட்ட பின்னர்த்தான் என் கைப்பேசி என் கைக்கு வந்தது. அதில் பதினொரு தவறிய அழைப்புகள். பேத்தி பிறந்து மூன்று மணி நேரம் கடந்திருந்தது. தலைப்பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். என் மகளுக்குத் தாய்வீடும் இல்லை, தாயும் இல்லை. அவள் இதைப்பற்றி ஒருபோதும் குறை கூறியதில்லை. அந்தக் குறை கூறாமைதான் ஓராண்டாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஆகவே மறு ஆண்டு விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும், துறையின் தடையின்மைச் சான்றைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டேன்.

புறப்படும் முன் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. திண்ணையைவிட்டு அதிகம் இறங்குவதில்லை. "பிள்ளைக்கு வருசம் தாண்டிருச்சா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றேன். "தாண்டட்டும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். எனக்கு மூத்தவன் ஒருவன் பதினோராம் மாதத்தில் இறந்துபோனான். ஆண்டு நிறைவுக்கு ஐயனார் கோயிலில் முடியிறக்குவதாய் வேண்டியிருந்தார்களாம். அடுத்துப் பிறந்த என்னைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். விலைபோகாத பிள்ளை என்று கூற்றுவன் எண்ணிக்கொள்ள வேண்டுமாம்! பள்ளிப் பதிவேட்டில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஊரில் இன்றும் நான் 'தவிட்டம்மா'. எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையின் பிறந்தநாளும் கொண்டாடப்பட்டதில்லை.

சுவோன், சியோலுக்குத் தெற்கே உள்ள பெருநகரம். ஜொங்ஜோ என்னும் அரசர் 1794 முதல் 1796 வரை எழுப்பிய ஹ்வாசொங் கோட்டையின் மதில், அந்நகரின் நடுவே இன்றும் வளைந்து செல்கிறது. 1997இல் யுனெசுகோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மருமகன் மின்னணுத் தொழிற்சாலைப் பொறியாளர். மகளும் வேலைக்குச் செல்பவள். குழந்தை பகலில் காப்பகத்தில் இருப்பாள். மாலையில் மகள் வரும்வரை எதிர்வீட்டுப் பாட்டியிடம் இருப்பாள். பாட்டியைக் கொரிய மொழியில் 'ஹல்மொனி' என்கிறார்கள். நானும் அவரை அவ்வாறே அழைத்தேன். அவர் என் மகளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. குழந்தையின் பெயரோடு 'ஒம்மா' என்று சேர்த்து, இன்னாரின் அம்மா என்றே அழைத்தார். நம்மூர்த் தெருவிலும் அப்படித்தானே அழைக்கிறோம்? பேத்தியின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அது மட்டும் அவர் வாயில் ரகரமாகிவிடும். ழகரம் எனக்கு உயிர். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நான்காம் நாள் அவருக்கு நாவை மடித்துக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தாரே ஒழிய, ழகரம் வரவில்லை.

அம்மா, அப்பா என்னும் சொற்கள் இரு மொழிகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிப்பதைச் சுட்டி, அங்குள்ள தமிழன்பர்கள் பெருமை கொள்கின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'சம்குக் யூசா' என்னும் நூல், அயுத்தா என்னும் நாட்டிலிருந்து கி.பி. 48இல் கடல்கடந்து வந்து கொரிய அரசியான ஹொ ஹ்வாங் ஓக் என்பவரின் கதையைச் சொல்கிறது. அவர் தமிழ்ப்பெண்ணே என்று ஒரு நண்பர் என்னிடம் உறுதிபடக் கூறினார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. எனினும், கல்வெட்டோ வேறு வலுவான சான்றோ கிடைக்கும்வரை அதனை வகுப்பறையில் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அம்மா, அப்பா என்பன போன்ற சொற்கள், இதழ்களைக் கூட்டிப் பிரிக்கக் கற்றுக்கொண்ட குழந்தைகளின் வாயிலிருந்து உலகின் பல மொழிகளிலும் பிறந்தவை. உறவு கொண்டாட எனக்கு வேறு காரணங்கள் கிடைத்தன. ஆனால், அவை உடனே கிடைத்துவிடவில்லை.

மே 8ஆம் நாள் அங்கே பெற்றோர் நாள். பிள்ளைகள் பெற்றோரின் நெஞ்சில் சிவந்த கார்னேசன் மலரைச் சூட்டுவார்கள். அன்றுதான் நம் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவும் வெளியானது. நான் கைப்பேசியில் என் மாணவர்களின் பதிவெண்களைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் இரண்டு மலர்களுடன் வந்தாள். ஹல்மொனிக்கு முதலில் சூட்டினாள், பிறகு எனக்கு. அருகில் நின்றவருக்கு முதலில் சூட்டினாள், அவ்வளவே. ஆனாலும், அந்த வரிசை என் மனத்தில் தைத்தது.

அன்றிரவு, அடுக்களையில் பாத்திரம் துலக்கும்போது கேட்டுவிட்டேன். "உனக்கு அவங்கதான் அம்மா மாதிரி, இல்லையா?" கேட்டவுடனேயே, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

மகள் குழாயை மூடினாள். "அம்மா, இங்க பிள்ளை பெத்தவளுக்கு மூணு வாரம் கடற்பாசிச் சூப்புத்தான் கொடுப்பாங்க. அவங்க தினமும் ஒரு சட்டி கொண்டாந்து வச்சாங்க. அதைக் குடிக்கும்போதெல்லாம் நீ வைக்கிற பூண்டுக்குழம்பு நினைப்புத்தான் வந்துச்சு. ஆனா, பசிச்ச நேரத்துல கையில இருந்தது அந்தச் சட்டிதான்."

அதற்கு மேல் நாங்கள் இருவரும் பேசவில்லை.

அந்தச் சூப்புக்கு 'மியொக்குக்' என்று பெயர். நம் இராமேசுவரக் கடற்கரையிலும் பெண்கள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். ஆனால், நாம் அதைச் சமைத்து உண்பதில்லை. கொரியரோ பேறுகாலத்தில் தாய்க்குக் கொடுத்த அதே சூப்பை, பின்னர் ஒவ்வொரு பிறந்தநாளிலும் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். தாய் பட்ட நோவைப் பிள்ளை நினைக்க வேண்டும் என்பது கருத்து. தேர்வு நாளில் மட்டும் அதைத் தொடமாட்டார்கள். வழுக்கும் பாசியை உண்டால் தேர்வும் வழுக்கிவிடுமாம்! என் மாணவர்கள் முட்டையைக் கண்டு அஞ்சுவது நினைவுக்கு வந்தது.

முதல் பிறந்தநாளை அவர்கள் அழைக்கும் சொல் நம் செவிக்குத் 'தொல்' என்றே கேட்கிறது. தொல்காப்பியம் கற்பிப்பவளுக்கு அச்சொல்லைப் பிடிக்காமலா போகும்? ஆனால், அந்த விழாவில் நடைபெறும் 'தொல்ஜாபி' எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தையின் முன்னே நூற்கண்டு, அரிசி, பணம், தூரிகை, புத்தகம் போன்றவற்றைப் பரப்பி வைக்கிறார்கள். குழந்தை எதை எடுக்கிறதோ அதைக்கொண்டு அதன் எதிர்காலத்தைச் சொல்கிறார்கள். நூல் எடுத்தால் நீண்ட ஆயுள். அரிசியோ பணமோ எடுத்தால் செல்வம். தூரிகையோ புத்தகமோ எடுத்தால் கல்வி. இக்காலத்தில் மருத்துவரின் இதயத்துடிப்புமானியும் பாடகரின் ஒலிவாங்கியும்கூட இடம்பெறுகின்றன. "பேத்தியின் எதிர்காலத்தை ஒரு மேசையின்மேல் பரப்பி வைப்பதா?" என்று நான் முணுமுணுத்தேன். "நீதான் அவளுக்குச் சாதகம் எழுதச் சொல்லி மூணு தடவை போன் பண்ணினே" என்றாள் மகள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதற்கிடையே மற்றொரு போர் நடந்துகொண்டிருந்தது. நான் காலையில் குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைத்து அனுப்புவேன்; மாலையில் அது காணாமல் போயிருக்கும். ஒருநாள் கண்ணாலேயே கண்டேன். ஹல்மொனி கைக்குட்டையை நனைத்து, அழுக்கென்று எண்ணி, அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பொட்டைப் பெரிதாக வைத்தேன். அவர் இன்னும் அழுத்தித் துடைத்தார். மகள்தான் இடையில் புகுந்து, அது கண்ணேறு படாமல் இருக்க வைப்பது என்று விளக்கினாள். ஹல்மொனி பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தம் வீட்டுக்கு ஓடிச்சென்று, சிவந்த உருண்டைகள் நிரம்பிய ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினார். சோளமாவைப் பிசைந்து வேகவைத்து, செம்பயற்றுத் தூளில் புரட்டி எடுத்தவை அவை. பிறந்தநாளுக்குச் செய்வதற்கு முன்னோட்டமாகச் செய்து பார்த்தாராம். "சிவப்பு நிறம் தீயவற்றை விரட்டும்" என்று மகள் மொழிபெயர்த்தாள். நான் மஞ்சளையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து, செக்கச் சிவந்த ஆரத்தித் தண்ணீரை அவருக்குக் காட்டினேன். அதன் பிறகு பொட்டு காணாமல் போகவில்லை.

மே மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை, அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில் விழா. அங்கே தீ மூட்டக் கூடாது என்பது விதி. ஆகவே, வீட்டிலேயே குத்துவிளக்கேற்றி, பட்டுப்பாவாடை உடுத்தி, ஆரத்தி எடுத்துவிட்டுக் கீழே இறங்கினோம். காதுகுத்தும் முடியிறக்கமும் ஐயனார் கோயிலில், தாய்மாமன் மடியில் என்று முன்பே முடிவாகிவிட்டது. தோடுகளை மட்டும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தேன். கொரிய அரிசி சற்றுக் குழைவது. அதனால் சர்க்கரைப்பொங்கல் நம்மூரைவிட நன்றாகவே அமைந்தது. ஹல்மொனி வெண்ணிற அரிசிப் பணியாரத்தைப் பெரிய தட்டில் கொண்டுவந்திருந்தார். அதைப் பலரும் பகிர்ந்துண்ண வேண்டுமாம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அனுப்பினோம். அந்நாளில், பணியாரம் பெற்றவர்கள் தட்டை வெறுமனே திருப்பித் தராமல், நூலோ அரிசியோ பணமோ வைத்துத் தருவார்களாம். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விருந்தினர் முப்பது பேர்வரை வந்தனர். கொரிய நண்பர்களுள் ஒருவர் குழந்தைக்குப் பொன் மோதிரம் அணிவித்தார். நமக்குச் சவரன் போல அவர்களுக்குத் 'தொன்' என்றோர் அளவு, அது 3.75 கிராம். முதல் பிறந்தநாளுக்கு ஒரு தொன் மோதிரம் அளிப்பது மரபு. "பிள்ளைக்கு இரண்டு வயது ஆகிவிட்டதே!" என்று முதியவர் ஒருவர் வாழ்த்தினார். நான் திகைத்தேன். அவர்களுடைய பழைய கணக்கில் பிறக்கும்போதே குழந்தைக்கு ஒரு வயது. சனவரி முதல் நாளில் எல்லாருக்கும் ஒரு வயது கூடிவிடும். (அரசு அலுவல்களில் உலக வழக்கப்படியே வயதைக் கணக்கிட வேண்டும் என்ற சட்டம் அவ்வாண்டு சூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது.) நாமும் ஓராண்டு நிறைந்த பிள்ளைக்கு 'இரண்டு நடக்கிறது' என்றுதானே சொல்கிறோம் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு பட்டுப்பாவாடையைக் களைந்து, கைகளில் பலவண்ணப் பட்டைகள் கொண்ட கொரிய உடையை அணிவித்தனர். மேசைமேல் பொருள்களைப் பரப்பினர். நானும் என் பங்குக்கு ஒரு கையடக்கத் திருக்குறளையும், விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவையும் வைத்தேன். மகள் பேனாவைச் சட்டென்று எடுத்துவிட்டாள். உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பு மையால் எழுதுவது அங்கே ஆகாதாம். எத்தனை ஆண்டுகள், எத்தனை மாணவர்களின் பெயர்களைச் சிவப்பு மையில் எழுதித் தள்ளியிருப்பேன்!

சாதகத்தைப் பற்றி மகள் சொன்னது சரியென்று அப்போதுதான் உணர்ந்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் திருக்குறளைக் குழந்தையின் பக்கமாகச் சற்றே நகர்த்தினேன். திரும்பிப் பார்த்தால் நூற்கண்டு அதற்கு முன்னால் இருந்தது. மீண்டும் நகர்த்தினேன். நூற்கண்டும் நகர்ந்தது. நிமிர்ந்தேன்; எதிரே ஹல்மொனி மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

குழந்தையை அமர்த்தினார்கள். அவள் அரிசியைத் துழாவினாள், பணத்தைத் தட்டிவிட்டாள், திருக்குறளின்மேல் கையை வைத்தாள். என் மூச்சு ஒரு கணம் நின்றது. அந்தக் கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் நூற்கண்டை எடுத்து, வாயில் வைத்தாள். கூடம் முழுவதும் கைதட்டல். நான் விரும்பியதும் நூல்தான். அவள் எடுத்ததும் நூல்தான். மொழி என்னைக் கேலி செய்வதாய் நினைத்துச் சிரிக்கத் தொடங்கியவள், ஹல்மொனியைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விருந்து முடிந்து, எஞ்சியவற்றைப் பொட்டலம் கட்டும்போது அவராகவே சொன்னார், மகள் மொழிபெயர்த்தாள். 1951 சனவரியில் சியோல் இரண்டாம் முறையாக வீழ்ந்தபோது அவருக்கு ஐந்து வயது. தாயின் முதுகில் பத்து மாதத் தம்பி. பனியில் தெற்கு நோக்கி நடந்தார்கள். சுவோனைக் கடந்த பிறகு ஓரிடத்தில் தாய் முதுகுத் துணியை அவிழ்த்துப் பார்த்தார். அவ்வளவுதான் சொன்னார். தம்பிக்கென்று எடுத்து வைத்திருந்த நூற்கண்டால், பின்னர் வீட்டிலிருந்தோரின் கிழிசல்களைத் தைத்தார்களாம்.

நான் தவிட்டுக்கு வாங்கப்பட்ட கதையைச் சொன்னேன். மகள் அதை இப்போதுதான் முழுமையாகக் கேட்கிறாள். பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு சொல்லி முடித்தாள். ஹல்மொனி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர்கள் ஊரிலும் அக்காலத்தில் குழந்தைகளுக்கு 'நாய்க்கழிவு' என்றெல்லாம் பெயர் வைத்து அழைப்பார்களாம்; அருவருத்துக் கூற்றுவன் விலகிப் போய்விடுவானாம். தம் தம்பிக்கு அழகான பெயராக வைத்துவிட்டார்கள் என்றார்.

அவர் முதுகில் குழந்தை உறங்கிவிட்டிருந்தாள். அவர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, குழந்தையை என் முதுகுக்கு மாற்றி, துணியை என் மார்புக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். அவள் ஒருமுறை கண் விழித்தாள். பிறகு என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிப்போனாள்.

இரவு ஊருக்கு அழைத்தோம். அங்கே மாலை ஆறரை. திரையில் அம்மாவின் முகம் பாதிதான் தெரிந்தது. காதுக்கு அருகே வைத்துக்கொண்டிருந்தார்.

"வருசம் தாண்டிருச்சும்மா."

"சரி."

"நிறையச் சாமான் வச்சாங்க. பிள்ளை நூற்கண்டை எடுத்தா. அதுக்கு நூறாயுசுன்னு சொல்றாங்க."

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"என்ன நூலு? வெள்ளையா?"

"வெள்ளைதாம்மா."

"வெறும் வெள்ளையா வைக்காதே. முறுக்கி, மஞ்சத் தடவி, அரணாக் கட்டிவிடு."

மறுநாள் காலை நூற்கண்டைப் பிரித்தேன். முறுக்குவதற்கு மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். மகள் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தட்டைத் திருப்பித் தர வந்த ஹல்மொனி, கேட்காமலேயே எதிரில் அமர்ந்து முனையைப் பற்றிக்கொண்டார். இருவரும் முறுக்கினோம். நூல் சுழன்றதே ஒழிய முறுக்கு ஏறவில்லை. உற்றுப் பார்த்தேன். பிள்ளை பிறந்த வீட்டு வாயிலில் கட்டும் வைக்கோல் கயிற்றை அவர்கள் இடப்புரியாகத் திரிப்பார்கள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பழக்கத்தில் அவர் கை இடப்பக்கம் போனது. என் கை வலப்பக்கம் போனது. அவரும் அதைக் கண்டுகொண்டு தம் கையை நிறுத்தினார். நான் என் கையை இடப்பக்கமாக மாற்றிக்கொண்டேன்.